எல்லாவற்றுக்கும் பச்சை

எங்கள் ஆபீஸின் சின்ன ஏ.ஐ. மாடலுக்குத் தெரியாதது என்று உலகத்தில் ஒன்றுமே கிடையாது. எதைக் கேட்டாலும் டக்கென்று பதில் சொல்லும். சொல்லிவிட்டுப் பக்கத்தில் பச்சையாக ஒரு வட்டமும் காட்டும். பச்சை என்றால் நிச்சயம். மஞ்சள் என்றால் சந்தேகம், டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுக்கொள் என்று அர்த்தம். அந்த மஞ்சளுக்கு எந்தச் சாயல் கண்ணுக்கு இதமாக இருக்கும் என்று ஒரு மீட்டிங் முழுக்கப் பேசித் தேர்ந்தெடுத்தோம். ஆனால் அதைக் கண்ணால் பார்த்தவர் யாரும் இல்லை. இப்படித் தலைக்கனம் பிடித்த ஒரு சனியனை உருவாக்குவதற்காக நான் தினமும் மெட்டுகுடாவில் மெட்ரோ ஏறி, ஊரின் மறுகோடிக்குப் போய், திறக்க முடியாத ஜன்னல்களுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டிருந்தேன்.

அது எதற்கான மாடல் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நகரத்தில் பல கிளைகள் வைத்திருக்கும் ஒரு கிளினிக் நிறுவனம் எங்கள் கிளையன்ட். ஒரு டாக்டர் இரண்டு மூன்று கிளைகளைப் பார்த்துக்கொள்வார். அவர் இல்லாத நேரத்தில் நர்ஸ்களுக்கு வரும் சந்தேகங்களை, மருந்து எவ்வளவு கொடுக்கலாம், இந்த மாத்திரையோடு அந்த மாத்திரை சேருமா என்பது போன்றவற்றை, கையிலிருக்கும் தொடுதிரை டேப்பில் கேட்டுக்கொள்ளலாம் என்பது அவர்கள் யோசனை. நெட் இல்லாவிட்டாலும் அது வேலை செய்ய வேண்டும். அதனால் மாடல் அந்த டேப்புக்குள்ளேயே அடங்கும்படி சின்னதாக இருக்க வேண்டும்.

சின்ன மாடலுக்கு இயல்பாகவே சரக்கு குறைவு. அதனால் ஒரு பெரிய மாடலை வைத்துக்கொண்டு, அது எப்படிப் பதில் சொல்கிறது என்று காட்டிக் காட்டிச் சின்னதைப் பழக்குவோம். அதற்கு டிஸ்டிலேஷன் என்று பெயர். பெரியதை டீச்சர் என்போம், சின்னதை ஸ்டூடண்ட் என்போம். என் பொறுப்பு கேலிப்ரேஷன். ஸ்டூடண்ட் தொண்ணூறு சதவீதம் நிச்சயம் என்று சொன்ன பதில்களையெல்லாம் ஒரு பக்கம் குவித்துப் பார்த்தால், பத்துக்கு ஒன்பது உண்மையிலேயே சரியாக இருக்க வேண்டும். அறுபது என்று சொன்னவற்றில் பத்துக்கு ஆறு. வாய்க்கும் விஷயத்துக்கும் ஒரு பொருத்தம் வேண்டும், அவ்வளவுதான். எங்கள் ஸ்டூடண்டோ சரியான பதிலையும் தப்பான பதிலையும் ஒரே முகத்தோடு சொல்லிக்கொண்டிருந்தது.

இதைச் சரி செய்ய முடியாவிட்டால் போங்கடா என்று வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம் என்று யாருக்காவது தோன்றலாம். நான் பிள்ளை பெற்று, வேலையை விட்டு, வருஷக்கணக்கில் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவள். எந்த இன்டர்வியூவுக்குப் போனாலும் நடுவிலே என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று ஒரு கேள்வி கேட்பார்கள். குழந்தையை வளர்த்தேன் என்று சொன்னதும் முகம் மாறும். அப்படி முகம் மாறாமல் எனக்கு வேலை கொடுத்த ஒரே ஆள் எங்கள் மேனேஜர். அவர் என் தலையில் கட்டிய நன்றி இருக்கிறதே, அதைச் சுமந்துகொண்டு எந்தக் கதவு வழியாகவும் வெளியே போக முடியாது.

மேனேஜர் கோயம்புத்தூர்க்காரர். இல்லை, முடியாது என்ற சொற்களை அவர் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. நீங்கள் என்ன சொன்னாலும் "சரிங்க மேடம், பார்த்துக்கலாமுங்க" என்பார். நாம் மனம் குளிர்ந்து இடத்துக்கு வந்து உட்காருவோம். அரை மணி கழித்துத்தான் அவர் ஒன்றுக்குமே ஒத்துக்கொள்ளவில்லை என்பது உறைக்கும். கத்துகிற மேனேஜரிடம் திருப்பிக் கத்தலாம், இவரிடம் என்ன செய்வது?

ஒரு நாள் காலையில் ஆத்திரம் தாங்காமல், ஸ்டூடண்டுக்கு நாங்கள் காட்டிய கேள்விகளை நானே ஒவ்வொன்றாகப் படிக்க ஆரம்பித்தேன். எங்கள் தொழிலில் யாரும் அதைச் செய்ய மாட்டார்கள். வரைபடத்தைப் பார்ப்பார்கள், சராசரியைப் பார்ப்பார்கள், கேள்வியைப் படிக்க மாட்டார்கள். தெலுங்கும் உருதுவும் இங்கிலீஷும் கலந்து, இந்த ஊர் பேசுகிற மாதிரியே கேட்கப்பட்ட கேள்விகள். படிக்கப் படிக்க ஒன்று உறுத்தியது. எல்லாமே சுலபமான கேள்விகள். கேட்ட மாத்திரத்தில் பதில் சொல்லக்கூடியவை. குழந்தையின் எடையைச் சொல்லாமல் சிரப் எவ்வளவு என்று கேட்பது, நோயாளி ஏற்கெனவே என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று தெரியாமல் இன்னொன்றைக் கேட்பது, இதெல்லாம் ஒன்றுகூட இல்லை. கிளினிக்கில் கேட்பதே அந்த மாதிரிதான்.

விசாரித்தபோது காரணம் தெரிந்தது. டேட்டாவைச் சுத்தம் செய்கிறவர்களுக்கு எங்கள் ஆபீஸில் வாராவாரம் குவாலிட்டி மார்க் போடுவார்கள். டீச்சர் மாடல் திடமாகப் பதில் சொன்ன கேள்வி என்றால் மார்க் ஏறும், தயங்கிய கேள்வி இருந்தால் மார்க் இறங்கும். அவர்கள் என்ன செய்வார்கள் பாவம்! அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி, டீச்சர் தயங்கிய ஒவ்வொரு கேள்வியையும் பொறுக்கி எறிந்துவிட்டார்கள். மிச்சமிருந்தது பளபளவென்று இருந்தது. அதைத் தின்று வளர்ந்த ஸ்டூடண்ட், தயக்கம் என்ற ஒன்று இருப்பதையே அறியாமல் வளர்ந்துவிட்டது. எத்தனை படித்தவர்கள் அந்த மாடியில் இருந்தோம், ஒருத்தருக்கும் இது தோன்றவில்லை.

நேராக மேனேஜரிடம் போனேன்.

"சார், டீச்சர் தயங்கின கேள்வியெல்லாம் எங்க?"

"அது நாய்ஸுங்க மேடம், குப்பை டேட்டாங்க. எடுத்தாச்சுங்க."

"அது நாய்ஸ் இல்ல சார். அதுலேர்ந்துதான் ஸ்டூடண்ட் தயங்கவே கத்துக்கும். டீச்சர் ஒரு பதிலுக்கு அம்பது, இன்னொண்ணுக்கு முப்பது, மிச்சத்துக்கு இருபதுன்னு பிரிச்சு வெச்சுக்கிட்டு முழிக்குது பாருங்க, அந்த முழிப்ப அப்படியே ஸ்டூடண்டுக்குக் காட்டணும். நாம முழிச்ச மூஞ்சியையே காட்டல. அப்புறம் அது எப்படி முழிக்கும்?"

அவர் தலையாட்டினார். நன்றாக, பொறுமையாக, முழுவதும் கேட்டுத் தலையாட்டினார்.

"உங்க பாயிண்ட் சூப்பருங்க மேடம். ஆனா மறுபடியும் டிரெய்ன் பண்றதுன்னா நேரம் ஆகுமுங்க. கிளினிக்ல பைலட் டெஸ்ட் ஆரம்பிக்கப் போறாங்க. இப்போதைக்கு கான்ஃபிடன்ஸ் நம்பரை எல்லாம் மொத்தமா கொஞ்சம் இறக்கிக் காட்டிரலாமுங்களா?"

மொத்தமாக இறக்கினால் சராசரிக் கணக்கு அழகாகிவிடும், அது உண்மை. ஆனால் எந்தக் கேள்விக்குத் தயங்க வேண்டும் என்பது ஸ்டூடண்டுக்கு அப்போதும் தெரியாது. தெரிந்த பதிலையும் தெரியாத பதிலையும் ஒரே மாதிரி கொஞ்சம் முனகிச் சொல்லும். இதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர், "ஏ.எஸ்.ராவ் நகர் கிளையிலதானுங்க பைலட். உங்க வீட்டுப் பக்கந்தானுங்களே?" என்றார்.

என் வீட்டுக்காரரின் அக்கா அந்தக் கிளையில்தான் நர்ஸ்.

அண்ணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மெட்டுகுடா சந்து வீட்டில் மாடியில் நாங்கள் இருக்கிறோம், கீழ்ப் போர்ஷனில் அவர் தனியாக இருக்கிறார். சமையலும் சாப்பாடும் மாடியில் எங்களோடுதான். ரயில்வே வேலைக்காக ஜோலார்பேட்டைப் பக்கத்திலிருந்து என்றைக்கோ வந்த குடும்பம் அது. நான் திருச்சித் தமிழில் ஏதாவது கேட்டால் அண்ணி தமிழில் ஆரம்பித்து உருதுவில் முடிப்பார், என் பெண் தெலுங்கில் பதில் சொல்லிவிட்டு ஓடிவிடுவாள். கல்யாணமான புதிதில் நான் அந்த வீட்டில் திருதிருவென்று முழித்துக்கொண்டிருந்தபோது, "பயப்படாதம்மா, நானும் பாதி புரியாமதான் குந்திக்கினு இருக்கறேன்" என்று சொன்னவர் அவர். அவரை எனக்குப் பிடிக்கும். இந்தக் கதையில் சிக்கல் என்றால் அதுதான் சிக்கல்.

பைலட் ஆரம்பித்த வாரம் அண்ணி டேப்போடு மாடியேறி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"இது நீ பண்ணதுதானேம்மா?"

வெளியே பேசக்கூடாது என்று வேலையில் சேரும்போதே கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். நான் சிரித்து வைத்தேன்.

"சொல்லாட்டி போ. எனக்குத் தெரியும். கூட இருக்கற பொண்ணுங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டேன், எங்க வூட்டுப் பொண்ணு பண்ணது, கண்ண மூடிக்கினு நம்பலாம்னு. ஹவ், ஆமா, நெசமாத்தான்! இன்னா கேட்டாலும் பச்ச. அவ்ளோ புத்திசாலியா இருக்குது."

நம்பரை மொத்தமாக இறக்கியும் வட்டம் பச்சையாகவேதான் இருந்தது. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. என்ன ஆச்சு என்று வீட்டுக்காரர் கேட்டார், தலைவலி என்றேன். கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம் என்கிறாரே! என் பெயரைச் சொல்லி அண்ணி ஒரு கிளினிக்கையே நம்ப வைத்துவிட்டார். நம்பாதீர்கள் என்று சொன்னால் கையெழுத்து போட்ட காகிதம் கழுத்தைப் பிடிக்கும். சொல்லாமல் இருந்தால் ஏதோ ஒரு குழந்தைக்கோ பெரியவருக்கோ தப்பான மருந்து போகும், அதை அண்ணி கையாலேயே கொடுப்பார். காலையில் அதே மெட்ரோ, அதே கார்டு தேய்த்துத் திறக்கிற கதவு, அதே "பார்த்துக்கலாமுங்க". பெட்டிக்குள் போட்டு மூடின மாதிரி இருந்தது எனக்கு.

சில நாளில் கிளையன்டோடு வீடியோ மீட்டிங். அந்தப் பக்கம் ஒரு பெண்மணி, கிளினிக்குகளின் மருத்துவப் பொறுப்பாளர். மேனேஜர் ஸ்லைடுகளைக் காட்டி முடித்ததும், அந்தம்மா என்னைப் பார்த்து இங்கிலீஷில் கேட்டார். இந்தப் பச்சை வட்டத்தை நாங்கள் எவ்வளவு நம்பலாம், நீங்கள் எவ்வளவு ஷ்யூராக இருக்கிறீர்கள் என்று. என் ஸ்கிரீனின் மூலையில் மேனேஜரிடமிருந்து மெசேஜ் வந்து விழுந்தது. பாசிட்டிவா சொல்லுங்க மேடம்.

பாசிட்டிவாகச் சொல்வது எவ்வளவு சுலபம்! அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டால் எல்லாருக்கும் நல்ல பெயர். நானும் அந்த ஸ்டூடண்ட் மாடலும் ஒன்று என்று அப்போது தோன்றியது, எங்கள் இருவரையும் பழக்கிய ஆபீஸ் ஒன்றுதானே. வாயைத் திறந்தேன், உண்மை வந்துவிட்டது. சுலபமான கேள்விக்குப் பச்சையை நம்பலாம், சிக்கலான கேள்விக்கு நம்பக்கூடாது, எது சுலபம் எது சிக்கல் என்று அதற்கே தெரியாது என்றேன். மேனேஜர் மைக்கை மியூட் செய்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தம்மா கோபப்படவில்லை. சரி, புதிதாகப் பழக்கிக் கொண்டுவாருங்கள், பழையதையும் புதியதையும் நர்ஸ்கள் கையில் கொடுத்துப் பார்ப்போம், எது நல்லது என்று அவர்களே சொல்லட்டும் என்றார்.

அப்புறம் வந்த நாள்கள்தான் இந்த ஆபீஸில் நான் சந்தோஷமாக வேலை செய்த நாள்கள். எறிந்த கேள்விகளை எல்லாம் தேடி எடுத்தோம். டீச்சரும் ஒன்றும் உத்தமம் இல்லை, இந்த ஊர்க் கலப்புப் பேச்சில் கேட்டால் அதுவும் அளக்கும். அதனால் மருந்தாளுநர்கள் சரிபார்த்த பதில்களை வைத்து முதலில் டீச்சரின் வாயை அடக்கினோம். பிறகு அதன் தயக்கத்தைக் கூட்டாமல் குறைக்காமல் ஸ்டூடண்டுக்கு ஊட்டினோம். ஒரு மத்தியானம், எடை சொல்லாமல் ஒரு குழந்தைக்கு சிரப் எவ்வளவு என்று கேட்டேன். வட்டம் மஞ்சளாக வந்தது. எடை தெரியாமல் சொல்ல முடியாது என்று கீழே எழுதியிருந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. பக்கத்து சீட்டுக்காரப் பெண் என்ன ஆச்சு என்று பதறிப்போய்க் கேட்டாள். மஞ்சள் வந்துருச்சு, மஞ்சள் வந்துருச்சு என்று நான் பைத்தியம் மாதிரி சொல்லிக்கொண்டிருந்தேன்.

இரண்டு மாடலையும் நர்ஸ்களிடம் கொடுத்தார்கள். எது பழையது எது புதியது என்று சொல்லாமல் ஒன்று, இரண்டு என்று மட்டும் பெயர் வைத்திருந்தார்கள்.

நர்ஸ்கள் பழையதைத்தான் கேட்டார்கள். ஒருத்தர் இரண்டு பேர் இல்லை, கிட்டத்தட்ட எல்லாருமே. புதியது இழுக்கிறது, எதற்கெடுத்தாலும் டாக்டரைக் கேள் என்கிறது, அதைக் கேட்கவா டேப் கொடுத்தீர்கள் என்று சொல்லிவிட்டார்கள். கிளையன்ட் அம்மாவும், நீங்கள் சொன்னது எனக்குப் புரிகிறது, ஆனால் யாரும் தொடாத கருவியை வாங்கி நான் என்ன செய்வது என்று முடித்துவிட்டார். பழையதே எல்லாக் கிளைகளுக்கும் போகட்டும் என்று முடிவானது.

"என்னுங்க மேடம் பண்றது, யூசருக்குப் பிடிக்கணுமுங்களே" என்றார் மேனேஜர். அவர் குரலில் குத்தலே இல்லை. உண்மையாகவே வருத்தப்பட்டார். "உங்க வேலை வீண் போகாதுங்க. அடுத்த புராஜெக்ட்டுல பார்த்துக்கலாமுங்க."

ஞாயிற்றுக்கிழமை. வீட்டுக்காரர் கொத்துக்கறி கீமா வாங்கி வந்திருந்தார். சமையலறையில் அண்ணி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார், நான் அடுப்புப் பக்கம் நின்றிருந்தேன். கையெழுத்தாவது காகிதமாவது என்று தோன்றிவிட்டது.

"அண்ணி, ரெண்டு டேப் குடுத்தாங்களே, நீங்க எது நல்லா இருக்குன்னு சொன்னீங்க?"

"முதல்ல குடுத்ததுதான். டக்குனு சொல்லிடும். ரெண்டாவது நக்கோம்மா, வேணவே வேணாம், சும்மா மஞ்ச மஞ்சயா காட்டிக்கினு."

"ரெண்டாவதுதான் நான் பண்ணது."

கத்தி நின்றது. "முதல்ல இருந்தது?"

"அதுவும் நாங்கதான். ஆனா அதுக்குத் தெரியாததையும் தெரிஞ்ச மாதிரி சொல்லும் அண்ணி. நீங்க பாக்கற பச்சையில நிறைய பொய்ப் பச்சை. ரெண்டாவது மஞ்சள் காட்டிச்சுன்னா, அந்த இடத்துல உண்மையாவே சந்தேகம் இருக்குன்னு அர்த்தம். உங்களை நெனச்சுத்தான் அவ்ளோ பாடுபட்டேன். நீங்களே வேணாம்னு சொல்லிட்டீங்களே!"

அண்ணி கத்தியைப் பலகையில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். கோபமாகத்தான் திரும்பினார்.

"மஞ்ச வந்தா நான் இன்னா பண்ணணும், அத சொல்லு."

"டாக்டரக் கேக்கணும்."

"டாக்டரக் கேக்கணும்! நீ மஞ்ச காட்டிட்டு ஏசியில குந்திக்குவ. போன் போடறது யாரு? அவரு இன்னொரு பிராஞ்ச்ல கூட்டத்த வெச்சிக்கினு இருப்பாரு. எடுத்த உடனே, 'கைக்கு போன் கரே? எதுக்கு போன் பண்ண? இதுகூட தெரியாதா? ஒன்ன எதுக்கு வெச்சிருக்கோம்?' எல்லாம் ஸ்பீக்கர்ல. என் கை ரெண்டும் வேலையா இருக்கும், போன காதுல வச்சிக்கினா பேச முடியும்? பேஷண்டு எதிர்ல நிக்கறாங்க. அவங்க புள்ளைங்க பாக்குது. அடுத்த நாள் அதே பேஷண்டு வந்து, அந்த சிஸ்டர் வேணாம், வேற ஆள கூப்புடுங்கன்னு சொல்லுவாங்க. எனக்கு இந்த வயசுல அது தேவையா?"

"தப்பான டோஸ் போயிட்டா அண்ணி?"

"டேப்புல பச்ச காட்டுச்சு, குடுத்தேன்னு சொல்லுவேன். என் மேல வராது." பிறகு தணிந்த குரலில், "உன் மேல வரும்னு நான் நெனைக்கலம்மா" என்றார்.

ஒரு மாடலுக்குத் தயங்கக் கற்றுக்கொடுக்க இத்தனை பேர் மண்டையை உடைத்துக்கொண்டோம். தயங்குகிற நர்ஸுக்கு அந்தக் கிளினிக்கில் நிற்க இடம் இருக்கிறதா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. கோபம் யார் மேல் என்றுதான் தெரியவில்லை. கீமா அடி பிடித்தது. எடுத்துப் பரிமாறினேன்.

அதற்குப் பிறகு அண்ணியும் நானும் டேப்பைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. பால் வந்துவிட்டதா, தண்ணீர் வந்துவிட்டதா என்ற பேச்சோடு நிறுத்திக்கொண்டோம். ஆபீஸில் எனக்கு வேறு புராஜெக்ட் கொடுத்தார்கள். பழைய மாடல் கிளை கிளையாகப் போய்க்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன்.

ஒரு வேலை நாள் மத்தியானம் அண்ணியிடமிருந்து போன். வேலை நேரத்தில் அவர் கூப்பிட்டதே இல்லை. பதறிக்கொண்டு எழுந்து ஒரு காலி மீட்டிங் ரூமுக்குள் போய் எடுத்தேன்.

"ஒரு பெரியவரு வந்திருக்காரு," என்றார், ரொம்பத் தாழ்ந்த குரலில். "மூட்டு வலி தாங்கலன்றாரு. கிட்னி கோளாறு இருக்குது. வலிக்கு ஒரு மாத்திர கேட்டேன், டேப்பு பேரச் சொல்லி பச்ச காட்டுது. குடுக்கலாமா?"

"அண்ணி, என்னையா கேக்கறீங்க?"

"நீதானே சொன்ன, பொய்ப் பச்சன்னு. இப்ப எந்தப் பச்சயப் பாத்தாலும் மாத்திரய எடுத்துக் குடுக்க மாட்டேங்குது மனசு. நீ பண்ண மெஷின்தானே, நீ சொல்லு. இது நெஜப் பச்சயா, பொய்யா?"

கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் எல்லாரும் தலை குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். கொடுங்கள் என்று சொல்ல எனக்கு என்ன தெரியும்? கொடுக்காதீர்கள் என்று சொல்லத்தான் என்ன தெரியும்? நான் மருந்து படித்தவளா?

"எனக்குத் தெரியாது அண்ணி," என்றேன். "அதுக்கும் தெரியாது. டாக்டரக் கேளுங்க. தயவு செஞ்சு கேளுங்க."

அந்தப் பக்கம் யாரோ தெலுங்கில் சிஸ்டர், சிஸ்டர் என்று கூப்பிடுவது கேட்டது.

"அப்ப நான் யாரத்தாம்மா நம்பறது?" என்றார் அண்ணி. போன் கட்டாகிவிட்டது.

திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டேன். எந்த வேலையும் ஓடவில்லை. சொல்லிக்கொண்டு சீக்கிரமே கிளம்பி மெட்ரோ பிடித்தேன். வீடு வருகிற வரைக்கும் அந்த முகம் தெரியாத பெரியவரைத்தான் நினைத்துக்கொண்டு நின்றேன்.

சாயங்காலம் அண்ணி வந்தார். கீழே தன் போர்ஷனைத் திறக்காமல் நேராக மாடியேறி, பையைத் தோளிலிருந்து இறக்காமலே சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்தார். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தேன்.

"கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"திட்டினத கேக்கறியா, மருந்த கேக்கறியா?"

"மருந்து அண்ணி."

"அந்த மாத்திர அவருக்கு ஆவவே ஆவாதாம். குடுத்திருந்தா கிட்னி இன்னும் மோசமாயிருக்குமாம். வேற எழுதினாரு."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சந்தோஷத்தில் கத்தியே விட்டேன். "பாத்தீங்களா! நான் சொன்னேன்ல! பச்சை பொய்னு சொன்னேன்ல! நீங்க கேட்டதால ஒரு மனுஷன் தப்பிச்சார் அண்ணி!"

அண்ணி தண்ணீரைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஹவ்," என்றார். "நீ சொன்னது சரிதாம்மா. ஆனா எல்லார் எதிர்லயும் டாக்டரு என்னப் பேசின பேச்சுக்கு, நாளைக்கு என்னால அவரக் கேக்க முடியாது."